அங்கோர் கோயில்களைத் தனி வழிகாட்டியோடு பார்ப்பது எப்படி? மூன்று நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அங்கோர் வாட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரில் பாற்கடல் கடையும் காட்சி 49 மீட்டர் நீளத்துக்கு ஓடுகிறது. நடுவில் திருமால். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள். வாசுகியைக் கயிறாகப் பிடித்து இழுக்கிறார்கள். முதல் நாள் நான் பேருந்துக் குழு ஒன்றோடு போயிருந்தேன். அந்தச் சுவருக்கு எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். கொடியைத் தூக்கிப் பிடித்தபடி குழுத்தலைவர் முன்னால் நடந்துவிட்டார். பின்னால் இருந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டே ஓடினார்கள்.

மறுநாள் குழுவிலிருந்து விலகி, தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு அதே சுவருக்குத் திரும்பினேன். அவர் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். மந்தர மலை சுழலும் இடத்துக்குக் கீழே கடல். கடலில் மீன்கள். ஓரத்தில் இருக்கும் மீன்கள் முழுசாக நீந்துகின்றன. மலையை நெருங்க நெருங்க, சுழலின் வேகத்தில் உடல் அறுந்து துண்டு துண்டாகத் தெறிக்கின்றன. தேவர்களையும் அசுரர்களையும் எண்ணிச் செதுக்கிய சிற்பி, அவர்கள் காலுக்குக் கீழே அறுபட்ட மீனையும் மறக்கவில்லை. அந்த இடத்தில் அரை மணி நேரம் நின்றோம். யாரும் அவசரப்படுத்தவில்லை.

தனி வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் இந்த அரை மணி நேரத்துக்கான பணம். பாற்கடலும் குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் நமக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்த கதைகள். ஆகவே அங்கே நமக்குத் தேவைப்படுவது கதை சொல்பவர் அல்ல. கம்போடியாவின் கெமர் மக்கள் அந்தக் கதையை என்னவாக மாற்றினார்கள், எந்தக் கல்லில், எந்த அரசனுக்காக என்று சொல்பவர்தான் தேவை. எத்தனை கோயில் பார்த்தோம் என்ற கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் படி: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் சொல்

கோயில்கள் இருப்பது கம்போடியாவின் வடமேற்கில், சியெம் ரீப் நகரத்தை ஒட்டி. தெற்கே தொன்லே சாப் ஏரி, வடகிழக்கே குலேன் மலை. அந்த மலையில் 802-ல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டிக்கொண்டதிலிருந்து கெமர்ப் பேரரசின் கதையைத் தொடங்குவது வழக்கம். அங்கோர் வாட்டின் மணற்கல்லும் அந்த மலைப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1431-ல் இன்றைய தாய்லாந்தில் இருந்த அயுத்தியா அரசின் படைகள் நகரைக் கைப்பற்றியதோடு தலைநகர் என்ற நிலை முடிவுக்கு வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். இடையில் ஆறு நூற்றாண்டு. அதில் நான்கு அரசர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: 9-ஆம் நூற்றாண்டின் முதலாம் இந்திரவர்மன், 10-ஆம் நூற்றாண்டின் ராஜேந்திரவர்மன், அங்கோர் வாட்டைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மன், அங்கோர் தோமைக் கட்டிய ஏழாம் ஜெயவர்மன்.

பெயர்களும் பழகினவையே. 'அங்கோர்' என்பது நகரம் என்ற சொல்லின் திரிபு. 'பிரசாத்' என்றால் பிராசாதம். 'ஸ்ரேய்' என்றால் ஸ்திரீ. 'தோம்' பெரியது, 'பனோம்' மலை, 'பந்தேய்' கோட்டை, 'பராய்' ஏரி. இந்த ஏழு சொல் தெரிந்தாலே வரைபடத்தில் பாதி புரிந்துவிடும்.

ஒரு விஷயத்தை இங்கேயே பேசிவிடுகிறேன். அங்கோர் வாட்டைத் தமிழ் அரசன் கட்டினான் என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை நம்பிக்கொண்டு போகாதீர்கள். சூரியவர்மன் கெமர் அரசன். 'வர்மன்' என்ற வடமொழிப் பெயர்முடிவு பல்லவர்களிடமும் இருந்தது, அவர்களிடமும் இருந்தது, அவ்வளவுதான். உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது, அதுவே போதுமான அளவு அழகானது. காம்போஜ அரசன் ராஜேந்திர சோழனின் நட்பை நாடித் தேர் ஒன்று அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. காம்போஜ அரசன் சோழ மன்னனுக்குக் காட்டிய அரிய கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை, முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பதிவு செய்திருக்கிறது. இரண்டு பெரிய அரசுகள் கடல் கடந்து ஒன்றையொன்று மதித்துப் பழகியிருக்கின்றன. கெமர் மக்களின் உழைப்பை அவர்கள் வீட்டுக்கே போய் நமதென்று சொன்னால் வழிகாட்டியின் முகம் வாடும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: எப்போது, எப்படிப் போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும், மழை இல்லை, ஆனால் கூட்டம் அதிகம். மார்ச் முதல் மே வரை கல் கொதிக்கும். ஏப்ரலில் நம்மூர்க் கத்திரி வெயிலில் மதியம் கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். என் விருப்பம் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கம். மழை ஓய்ந்திருக்கும், அகழிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், பாசி பச்சையாக இருக்கும், கூட்டம் இன்னும் சேர்ந்திருக்காது.

நம் பக்கத்திலிருந்து பாங்காக், கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறிச் செல்வது வழக்கம். 2023 அக்டோபரில் திறந்த புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகு தூரம், சுமார் ஒரு மணி நேரப் பயணம். இரவு வந்து இறங்கினால் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விசாவை அரசின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே இ-விசாவாக வாங்கிவிடலாம். அதே மாதிரி தோற்றம் காட்டிக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் உண்டு, முகவரியைக் கவனியுங்கள். விமானத்தில் வருவோர் புறப்படும் முன் இ-வருகைப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது.

அமெரிக்க டாலர் எல்லா இடத்திலும் செல்லும். சில்லறை ரியெலில் வரும், சுமார் 4,000 ரியெல் ஒரு டாலர். நோட்டு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் வாங்க மாட்டார்கள். ஊரில் டாலர் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகள் நிறைய இருக்கட்டும்.

மூன்றாம் படி: வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பயணத்தின் தலையெழுத்தே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்.

அங்கோர் வளாகத்துக்குள் வழிகாட்ட, கம்போடியச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ளவர்கள் அடையாள அட்டை வைத்திருப்பார்கள். வண்டி ஓட்டுபவர் கோயில் வாசல் வரை அழைத்துப் போய் வெளியே காத்திருக்கலாம், உள்ளே வந்து விளக்க அவருக்கு அனுமதி இல்லை. "நானே எல்லாம் சொல்கிறேன்" என்று ஓட்டுநர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். வழிகாட்டி வேறு, வண்டி வேறு என்று தனித்தனியே பேசுவது நல்லது. தமிழ் பேசும் வழிகாட்டியைத் தேடி அலைய வேண்டாம். தெளிவாக ஆங்கிலம் பேசுபவர் கிடைத்தால் போதும்.

முன்பதிவு செய்யும் முன் செய்தி அனுப்பி நான்கு கேள்வி கேளுங்கள். எந்தக் கோயில் உங்களுக்கு மிகவும் பிடிக்கும், ஏன்? சுவர்ச் சிற்பங்களை எந்த வரிசையில் காட்டுவீர்கள்? கடைகளுக்கு அழைத்துப் போகாமல் முழு நாளையும் கோயில்களிலேயே செலவிட முடியுமா? நாங்கள் ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் உங்களுக்குச் சம்மதமா? முதல் கேள்விக்கு வரும் பதிலிலேயே ஆள் எப்படி என்பது தெரிந்துவிடும். "எல்லாமே அழகு சார்" என்பவரை விடுங்கள். "பந்தேய் சம்ரே, ஏனென்றால் அங்கே யாரும் வரமாட்டார்கள்" என்று எனக்கு ஒருவர் பதில் எழுதினார். அவரைத்தான் அமர்த்தினேன்.

பிறகு உங்களைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். ராமாயணம், மகாபாரதம், சிவன், விஷ்ணு கதைகள் எங்களுக்குத் தெரியும், கெமர் வடிவத்தில் எது மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். இதை முன்பே சொல்லாவிட்டால் அனுமன் யார் என்பதிலிருந்து தொடங்குவார், பாவம், அது அவர் பழக்கம். சொல்லிவிட்டால் அவருக்கும் உற்சாகம் வந்துவிடும். கெமர் ராமாயணமான ரீம்கேரில் அனுமன் கடற்கன்னி சொவன் மச்சாவை மயக்கும் கதையை எங்கள் வழிகாட்டி இலங்கைப் போர்ச் சுவரின் முன் நின்று சொன்னார். பிரம்மச்சாரி அனுமனையே அறிந்த என் அம்மா திகைத்துப்போய், கதை முடிந்ததும் அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

கூலி ஆளுக்கு ஆள், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆங்கிலம் பேசும் வழிகாட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 40 டாலர், வண்டிக்குத் தனியாக என்று மனதில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம். அருகிலுள்ள கோயில்களுக்கு, பைக் இழுக்கும் 'ரெமோர்க்' வண்டி போதும், காற்றோட்டமாக இருக்கும். பெரியவர்கள் வந்தால், அல்லது பந்தேய் ஸ்ரேய் போன்ற தூரத்துக்கு, குளிர்சாதனக் கார் எடுங்கள். கூலி, பெட்ரோல், அதிகாலைப் பயணத்துக்குக் கூடுதல் கட்டணம் எல்லாம் அடங்கியதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நேரில் சந்தித்ததும் 'போங்' என்று கூப்பிடுங்கள். அண்ணா, அக்கா இரண்டுக்கும் அது பொதுச் சொல். கை கூப்பி வணங்குவது அங்கேயும் உண்டு, 'சொம்பெயா' என்பார்கள். நன்றிக்கு 'ஒர்குன்'.

நான்காம் படி: நுழைவுச் சீட்டும் உடையும்

ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் 62, ஏழு நாள் 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளிலும் பயன்படுத்தலாம், தொடர்ச்சியாகப் போக வேண்டியதில்லை. இரண்டு நாள்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றாலும் மூன்று நாள் சீட்டே லாபம். உங்கள் முகத்தைப் படம் எடுத்துச் சீட்டிலேயே அச்சடிப்பார்கள், அடுத்தவருக்குக் கைமாற்ற முடியாது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை, வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். சீட்டு அலுவலகம் கோயில் வாசலில் இல்லை, தனி இடத்தில் இருக்கிறது. இணையத்தில் அதிகாரபூர்வ விற்பனைத் தளத்திலும் வாங்கலாம். ஒவ்வொரு சீட்டிலிருந்தும் 2 டாலர் கந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது என்பது நிறைவு தரும் செய்தி.

தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். மேலே துண்டு போட்டுக்கொள்கிறேன் என்றால் அங்கோர் வாட்டின் மேலடுக்கில் விடமாட்டார்கள். பருத்திச் சட்டை, தளர்வான பேன்ட் அல்லது சுடிதார், பிடிமானமுள்ள காலணி, தொப்பி. புடவை கட்டிக்கொண்டு செங்குத்துப் படி ஏறுவது சிரமம்.

முதல் நாள்: வயதில் மூத்த கோயிலிலிருந்து தொடங்குங்கள்

எல்லாரும் அங்கோர் வாட் சூரிய உதயத்தோடு தொடங்குவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் அழுத்தமான யோசனை. உச்சத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை சின்னதாகத் தெரியும். காலையில் ரொலுவோஸ் போங்கள்.

அங்கே பிரியா கோ 879-ல் முதலாம் இந்திரவர்மன் தன் முன்னோர்களுக்காக எழுப்பியது. ஆறு செங்கல் கோபுரங்கள், எதிரே மூன்று நந்திகள். செங்கல்மேல் பூசிய சுதை இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்து பகோங், 881. ஐந்து அடுக்காக உயரும் மலைக்கோயில். இதன் உச்சியில் நின்று நாலு பக்கமும் பாருங்கள். மேருவைச் சமவெளியில் கட்டி எழுப்பும் எண்ணம் கல்லில் பெரிய அளவில் எப்படி வடிவம் எடுத்தது என்பது கண்ணுக்குப் புலப்படும். அங்கோர் வாட்டின் விதை இது. மூன்றாவது லொலேய், 893. இதன் வாசல் நிலைக்கற்களில் உள்ள எழுத்தை விரலால் தொடாமல் அருகில் போய்ப் பாருங்கள். அச்சுப்போல் வரிவரியாகக் கோயில் ஊழியர்களின் பெயர்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் வெட்டி வைத்ததைப் பார்த்தவர்களுக்கு இங்கே நெஞ்சு கொஞ்சம் இளகும்.

மதியம் அறைக்குத் திரும்பி உறங்குங்கள். பதினொன்றரை முதல் இரண்டு மணி வரை கோயிலில் நிற்பது வீண். வழிகாட்டிக்கும் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்.

இரண்டரை மணிக்கு அங்கோர் வாட். இந்தக் கோயில் மேற்கு நோக்கியது, அதனால் பிற்பகல் வெளிச்சம் முகப்பில் நேராக விழும். 190 மீட்டர் அகலமுள்ள அகழியைக் கடந்து மேற்கு வாசலில் நுழைந்ததும், நேராக உள்ளே ஓடாமல் வலது பக்கம் திரும்புங்கள். அங்கே எட்டுக் கையுடன் நிற்கும் பெரிய விஷ்ணு சிலைக்கு மஞ்சள் துணி சாத்தி, ஊர் மக்கள் 'தா ரீச்' என்று இன்றும் ஊதுபத்தி கொளுத்தி வணங்குகிறார்கள். பௌத்த நாட்டில் உயிரோடு இருக்கும் வழிபாடு. அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

சுவர்ச் சிற்பங்களைப் பார்க்கும் வரிசை முக்கியம். நாம் கோயிலை வலம் வரும் திசைக்கு நேர் எதிராக, இடமாகச் சுற்ற வேண்டும். மேற்குச் சுவரின் தென்பாதியில் குருக்ஷேத்திரம். அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மூலையில் திரும்பினால் தெற்குச் சுவர். அதன் முதல் பாதியில் சூரியவர்மனே உட்கார்ந்திருக்கிறான், குடைகள் சூழ. அவன் இறந்தபின் வழங்கிய 'பரமவிஷ்ணுலோக' என்ற பெயர் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. படை அணிவகுப்பில் கெமர் வீரர்கள் ஒழுங்காக நடக்க, சயாம் கூலிப்படையினர் மட்டும் வேறு உடை, வேறு நடை. அடுத்த பாதியில் 37 சொர்க்கமும் 32 நரகமும். எருமைமேல் யமன், கூடவே சித்திரகுப்தன். ஒவ்வொரு நரகத்துக்கும் கீழே பெயர் வெட்டியிருக்கிறார்கள். ரௌரவம், அவீசி என்று வழிகாட்டி படிக்கப் படிக்க நமக்குப் பொருள் விளங்கும். கெமர் எழுத்து தெரிந்தவர், சொல்லின் பொருள் தெரிந்தவர் என்று இருவருமாகச் சேர்ந்து ஒரு சுவரைப் படிக்கும் இந்தச் சுகத்துக்காகவே தனி வழிகாட்டி வேண்டும் என்கிறேன்.

இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிழக்குச் சுவரை அடுத்த நாள் காலைக்கு வையுங்கள்.

இரண்டாம் நாள்: விடியலும் முகங்களும்

அங்கோர் வாட் காலை 5 மணிக்கே திறக்கிறது. உதயம் பார்க்க ஆசையிருந்தால் போங்கள், நான் தடுக்கவில்லை. வடமேற்குக் குளக்கரையில் ஆயிரம் கைப்பேசிகள் உயர்ந்திருக்கும். சூரியன் எழுந்ததும் எல்லாரும் சிற்றுண்டிக்குக் கலைவார்கள். அந்த நேரத்தில் கிழக்குச் சுவருக்கு நடந்துவிடுங்கள். நான் முதலில் சொன்ன பாற்கடல் அங்கேதான். காலை ஒளி தூண்களின் இடைவெளியில் சாய்ந்து விழும்போது அறுபட்ட மீன்கூடத் தெளிவாகத் தெரியும். அதைத் தாண்டி வடகிழக்கில் உள்ள சிற்பங்கள் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை. கை வித்தியாசம் உங்களுக்கே தெரியும், வேகமாகக் கடந்துவிடலாம். மேற்குச் சுவரின் வடபாதியில் இலங்கைப் போர். அங்கே மறுபடி நிதானம்.

உச்சியிலுள்ள 'பாகான்' அடுக்குக்கு ஒரே நேரத்தில் 100 பேர்தான். மாதத்தில் நான்கு பௌத்த விரத நாட்களில் மூடியிருக்கும். உங்கள் தேதி அதில் விழுகிறதா என்று வழிகாட்டியிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிறகு அங்கோர் தோம். பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் நீளமுள்ள சதுர மதில் நகரம். தெற்கு வாசலில் 54 தேவர்களும் 54 அசுரர்களும் நாகத்தைப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள். காலையில் சுவரில் தட்டையாகப் பார்த்த பாற்கடல் இங்கே சிலையாக எழுந்து நிற்கிறது. நடுவில் பயோன். கோபுரமெங்கும் புன்னகைக்கும் முகங்கள். முகங்களைப் படம் எடுக்க மேலே ஓடுவதற்கு முன், கீழே வெளிச்சுற்றுச் சுவரைக் கிழக்கிலிருந்து தெற்காகப் பாருங்கள். இங்கே தேவர்கள் இல்லை, ஊர் மக்கள். சந்தையில் மீன் விற்கும் பெண், சேவல் சண்டை, பிரசவ வேதனையில் ஒரு தாய், கொதிக்கும் அண்டாவில் பன்றியை இறக்குபவர்கள். படைவீரன் ஒருவன் பின்பக்கத்தை ஆமை கவ்வியிருக்கிறது, அவன் துள்ளித் திரும்புகிறான். கடற்போர்க் காட்சியில், இன்றைய வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டின் சாம் வீரர்கள் தலையில் பூ கவிழ்த்தது போன்ற கவசத்தோடு படகில் வருகிறார்கள். 1177-ல் சாம் படை இந்த நகரைச் சூறையாடியது. அவர்களை விரட்டி 1181-ல் முடிசூடியவன் ஏழாம் ஜெயவர்மன். ஒரே சுவரில் இந்த நாட்டின் வலியும் சமையலும் ஒன்றாக இருக்கிறது. எனக்கு அங்கோர் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பாப்புவோன் கோயில் வழியில் வரும். பழுது பார்ப்பதற்காகச் சுமார் 3 லட்சம் கல்லைப் பிரித்து அடுக்கி எண்ணிட்டிருந்தார்கள். கெமர் ரூஜ் என்ற கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் குறிப்பேடுகள் அழிந்துபோயின. மறுபடி கல் கல்லாகப் பொருத்தி 2011-ல்தான் முடித்தார்கள். மேற்குப் பக்கம் போய் நின்று, சுவர் முழுக்கப் படுத்திருக்கும் புத்தரின் உருவத்தைக் கண்டுபிடியுங்கள். முதலில் தெரியாது, தெரிந்தபின் மறையாது.

மூன்று மணிக்கு மேல் தா புரோம். வேர்கள் சுவரைக் கட்டிப்பிடித்திருக்கும் அந்தக் கோயில். படம் எடுக்க வரிசை நிற்கும், ஒன்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். இது 1186-ல் ஜெயவர்மன் தன் தாய்க்காக எழுப்பியது. வளாகத்தில் 12,640 பேர் இருந்ததாகக் கல்வெட்டு கணக்குச் சொல்கிறது, அதில் 615 பேர் ஆடல் மகளிர். நாட்டில் 102 மருத்துவமனைகள் இருந்த கணக்கும் அதே கல்வெட்டில்தான். இங்கே பழுது பார்க்கும் பணியில் இந்தியத் தொல்லியல் துறையும் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது. சரிந்து கிடந்த ஆடல் மண்டபம் மறுபடி நிமிர்ந்திருப்பதைப் பாருங்கள். மரத்தை வெட்டினால் சுவர் விழும், விட்டால் பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் எப்படி முட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டியைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள்: பந்தேய் ஸ்ரேய்

காலை ஆறரைக்கே காரில் கிளம்புங்கள். ஊரிலிருந்து ஒரு மணி நேரம். ஏழரைக்குக் கதவு திறக்கும்போது வாசலில் இருங்கள். ஒன்பது மணிக்குப் பேருந்துகள் வந்துவிடும்.

இது அரசன் கட்டியதல்ல. ராஜேந்திரவர்மனின் அவையில் இருந்த யஜ்ஞவராகர் என்ற அறிஞர் எடுப்பித்து, 967-ல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். சிவந்த மணற்கல். கோபுரங்கள் ஆளுயரத்தைவிட ஏழெட்டு மடங்குகூட இல்லை, வாசல்கள் குனிந்து நுழையும் அளவு. ஆனால் மரத்தில் செதுக்கியது போல் ஒரு விரல் இடம் விடாமல் வேலை. தென்புற நூலகக் கட்டடத்தின் கிழக்கு முகப்பில் ராவணன் கயிலையைப் பெயர்க்கிறான். விலங்குகள் சிதறி ஓடுகின்றன, உமை சிவனைப் பற்றிக்கொள்கிறாள். மறுபுறம் காமன் கரும்பு வில்லோடு நிற்க, சிவன் எரிக்கிறார். 1923-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோ இங்கிருந்து தேவதைச் சிலைகளைப் பெயர்த்துக் கடத்தப்போய்ப் பிடிபட்டார். அதன் பிறகுதான் இக்கோயில் உலகின் கண்ணில் பட்டது.

இனி நான் சொல்வதற்காகவே பந்தேய் ஸ்ரேய் போகலாம். கிழக்குக் கோபுரத்து முகப்பில், பத்துக் கையோடு சிவன் ஆடுகிறார். அவர் காலடியில், ஓரமாக, வற்றி மெலிந்த உடலும் தொங்கிய மார்புமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அழகு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கி, தன்னைக் காரைக்கால் பேய் என்றே பாட்டில் சொல்லிக்கொண்ட வணிகர் குலப் பெண். திருவாலங்காட்டில் ஆடலின் அடியில் அமர்ந்தவர். அவர் கடல் கடந்து, கெமர்ச் சிற்பியின் உளியில், பத்தாம் நூற்றாண்டில் அதே இடத்தில், அதே ஆடலின் அடியில் உட்கார்ந்திருக்கிறார். பல வழிகாட்டிகளுக்கு அவர் பெயர் மட்டும் தெரியும். கதையை நீங்கள் சொல்லுங்கள். எங்கள் வழிகாட்டி மாங்கனிக் கதையைக் கேட்டதும் குறிப்பேட்டை எடுத்து, "இன்னொரு தடவை மெதுவாக" என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்று நான் கொடுத்த கூலியைவிட அது அவருக்குப் பெரிதாக இருந்தது என்று அவர் முகத்தில் தெரிந்தது.

கால் வலுவுள்ளவர்கள் அங்கிருந்து குபால் ஸ்பியன் போகலாம். ஒன்றரை கிலோமீட்டர் காட்டு ஏற்றம். ஆற்றுப் படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கில் லிங்கங்களும் பள்ளிகொண்ட பெருமாளும். தண்ணீர் அவற்றைத் தழுவி இறங்கித்தான் சமவெளிக்குப் போகிறது. மழைக்காலம் முடிந்த மாதங்களில் மட்டும் போங்கள். கோடையில் வெறும் பாறைதான். அங்கே பாதையை விட்டு விலகாதீர்கள். போரின்போது புதைத்த கண்ணிவெடிகளை நாட்டின் பல பகுதிகளில் இன்னும் அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பிரதாக் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சாலையோரம் களிமண் அடுப்பில் அகன்ற கொப்பரை, அதில் பதநீர் காய்ந்துகொண்டிருக்கும். பனைதான் கம்போடியாவின் தேசிய மரம். மரத்தோடு சேர்த்துக் கட்டிய மூங்கில் ஏணியில் ஏறி இறக்குகிறார்கள். பாகு பதம் வந்ததும் ஓர் அம்மா மரத் துடுப்பால் கிண்டிக் கிண்டி, பனையோலை வளையங்களில் வார்த்தார். ஆறியதும் வட்டவட்டமான வில்லை. வாயில் போட்டால் நம் கருப்பட்டியைவிடக் கொஞ்சம் வெளிர் நிறம், கொஞ்சம் மென்மை. வாசனை மட்டும் அப்படியே உடன்குடி. இதே ஊரில் காலையில் 'நும் பன்சோக்' கிடைக்கும், அரிசி மாவைப் பிழிந்த சேவை. மேலே ஊற்றும் குழம்பு மீன் குழம்பு.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. 'பிரஹோக்' என்ற மீன் விழுது கண்ணுக்குத் தெரியாமல் பல பதார்த்தங்களில் கலந்திருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். கோயில் விரதச் சாப்பாட்டுக்கு அவர்கள் சொல்லும் சொல்லை வழிகாட்டியைக் கேட்டு, கெமர் எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் இந்திய உணவகங்களும் இருக்கின்றன.

மாலை, ப்ரே ரூப். ராஜேந்திரவர்மனின் மலைக்கோயில், 10-ஆம் நூற்றாண்டு. பனோம் பகேங் குன்றின் நெரிசலைவிட இங்கே அஸ்தமனம் பார்ப்பது நிம்மதி. செங்கல் கோபுரம் சிவந்து, வயல்வெளியில் பனை மரங்கள் நிழலாகும் வரை உட்காரலாம்.

உள்ளே நடந்துகொள்வது

சிற்பத்தைத் தொடாதீர்கள், சாய்ந்து நிற்காதீர்கள். தெற்குச் சுவரில் பல உருவங்கள் எண்ணெய் தடவியது போல் மின்னுவது லட்சக்கணக்கான கைகள் பட்டதால். பிக்குகளைக் கேட்காமல் படமெடுக்க வேண்டாம், பெண்கள் அவர்கள் மேல் பட்டுவிடாமல் விலகி நடக்க வேண்டும். குழந்தைகள் அஞ்சலட்டையும் வளையலும் கொண்டு வந்து கெஞ்சுவார்கள். மனது கேட்காதுதான். ஆனாலும் வாங்காதீர்கள், நாம் வாங்கினால் அந்தப் பிள்ளை நாளைக்கும் பள்ளிக்குப் போகாது. குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறிக்கும், தீனி போட வேண்டாம்.

நாட்கள் மிச்சமிருந்தால்

நான்காவது நாள் கிடைத்தால் கோ கெர் போங்கள். 10-ஆம் நூற்றாண்டில் நான்காம் ஜெயவர்மன் தலைநகரைக் கொண்டு போன இடம், 36 மீட்டர் உயரப் படிக்கூம்பு. தனிச் சீட்டு வாங்க வேண்டும். போகும் வழியில் பெங் மெலியா கோயிலையும் சேர்த்துவிடலாம். இன்னும் பழையதைத் தேடுபவர்களுக்கு சம்போர் பிரெய் குக், 7-ஆம் நூற்றாண்டு ஈசானவர்மனின் ஈசானபுரம். மலையுச்சியில் நிற்கும் பிரியா விஹார் தாய்லாந்து எல்லையில் இருக்கிறது. 2025-ல் அந்த எல்லையில் இரு நாட்டுப் படைகளும் மோதின. நிலைமையையும் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுரையையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கடைசி நாள் கூலியை வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தனித்தனியாக, இரு கையாலும் கொடுங்கள். திருப்தியாக இருந்தால் மேலே ஐந்தோ பத்தோ டாலர் வையுங்கள், ஓட்டுநரை மறந்துவிட வேண்டாம், வெயிலில் காத்திருந்தவர் அவர்தான். பிரதாக்கில் வாங்கிய பனைவெல்லத்தைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, பெரிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வையுங்கள். வெயிலில் இளகிவிடும்.